முடிச்சூரின் எடை 30 பைட்! தெரியுமா?

உங்கள் வீட்டுக் கணினிக்குள் ஒரு கறுப்பு ஜன்னல் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? படம் கிடையாது. பொத்தான் கிடையாது. மவுஸுக்கு அங்கே வேலையே கிடையாது! ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் எழுத்தில் ஒன்று சொன்னால் அதுவும் எழுத்தில் பதில் சொல்லும். அதுதான் கட்டளை வரி. கமாண்ட் லைன் என்பார்கள், டெர்மினல் என்பார்கள். சினிமாவில் ஹேக்கர் உட்கார்ந்து படபடவென்று தட்டுவாரே, அதேதான்! அதைத் திறக்க ஹேக்கராக இருக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் போதும். உள்ளே கொட்டிக் கிடக்கும் அதிசயங்களைப் பார்க்கத்தான் பத்து நாள் போதாது!

போன கோடை விடுமுறையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இதை அமைத்துக் கொடுக்கப் போனேன். பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவன். அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் வாய் பிளந்து பார்த்தவை, பிறகு நான் தேடித் தேடிப் படித்தவை எல்லாம் இங்கே!

பரணில் தூங்கிய லினக்ஸ்!

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி நினைவிருக்கிறதா? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம். அடுத்த பத்தாண்டில் எத்தனை கணினிகள் தெரியுமா? 50 லட்சத்துக்கும் மேல்! சரி, தொடக்க ஆண்டுகளில் வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸ் மட்டும்தான் இருந்ததா? இல்லை! பக்கத்திலேயே இன்னொரு இயங்குதளமும் குடியிருந்தது. பெயர் 'பாஸ்' லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். அதற்குள் முழுமையான கட்டளை வரி! லட்சக்கணக்கான தமிழ் வீடுகளுக்கு அது இலவசமாகவே வந்து சேர்ந்துவிட்டது. எத்தனை பேர் திறந்து பார்த்திருப்போம்?

பையனின் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய கணினி பரணில் இருந்தது. 2015 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கிறதல்லவா? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது! முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது! கீழே இருந்த டி.வி., பீரோ, துணிமணி எல்லாம் தண்ணீரில் போயின. பரணில் பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்த இந்தக் கணினி மட்டும் தப்பித்தது.

பேட்டரி செத்துப்போயிருந்தது. வயரைச் சொருகி அழுத்தினோம். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது, எதில் நுழைய வேண்டும் என்று கேட்டு. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ்! இத்தனை வருடமாக அந்த இரண்டாவது வரி யாராவது தன்னைத் தொடுவார்களா என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

பக்கத்து ஸ்டேஷன் அதிசயம்

அந்த பாஸ் லினக்ஸுக்கும் நம் பகுதிக்கும் என்ன தொடர்பு தெரியுமா? முடிச்சூரிலிருந்து தாம்பரம் போய், கடற்கரைப் பக்கம் போகும் மின்ரயிலில் ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. (அந்த ஊருக்குப் பெயர் தந்தது பிரவுசர் இல்லை, குரோம் தோல் தொழிற்சாலை!) அங்கேதான் 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம்! 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கென மத்திய அரசு ஒரு தேசிய வள மையம் தொடங்கியபோது, அந்தப் பொறுப்பு சென்னை சி-டாக் கணினி ஆய்வு நிறுவனத்துக்கும், இதே எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்துக்கும் வந்தது. 2007 ஜனவரியில் பாஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. தலைநகர் டெல்லியில் இல்லை, நம் சென்னையில்!

இன்னொன்று. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றியது. பதினைந்து வருடத்துக்கும் முந்தைய கதை இது!

பொம்மைகளின் பெயரில் இயங்குதளம்!

பாஸில் நுழையலாம் என்றால் கடவுச்சொல் அக்காவுக்கே மறந்துபோயிருந்தது. அதனால் என்ன? பாஸ் எதன் மேல் கட்டப்பட்டதோ அந்த டெபியனையே பென் டிரைவில் ஏற்றிப் புதிதாக நிறுவினோம். விலை எவ்வளவு? பூஜ்யம்! 1993-ல் தொடங்கிய டெபியன், உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்வது.

அதன் பதிப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் தெரியுமா? எல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகள்! பஸ், உட்டி, புக்வார்ம்... டெபியனை ஒரு காலத்தில் வழிநடத்திய புரூஸ் பெரென்ஸ் அப்போது வேலை பார்த்த இடம், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார்! எப்போதும் சோதனையிலேயே இருக்கும் பதிப்புக்கு என்ன பெயர்? 'சிட்'. படத்தில் பொம்மைகளைப் போட்டு உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன்! யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் கேளுங்கள். 1998-ல் அதே பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான இடத்தில் 'ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார்கள். படத்தின் கோப்புகளில் சுமார் 90 சதவீதம் கண்ணெதிரே காணாமல் போனது! காப்புப் பிரதியைத் தேடினால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை! கடைசியில் படம் பிழைத்தது எப்படி? குழந்தை பெற்ற பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்பத் தலைவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது! அந்தக் கணினியைப் போர்வையில் பொதிந்து காரில் கொண்டுவந்தார்கள்! பிக்ஸாருக்கும் போர்வை, முடிச்சூருக்கும் போர்வை!

விசைப்பலகை கெட்டுப்போச்சா?

முதல் தடவை கட்டளை வரிக்கு வருகிற எல்லாரும் ஏமாறும் இடம் எது தெரியுமா? கடவுச்சொல்! பையன் தட்டினான், தட்டினான், திரையில் ஒன்றும் வரவில்லை. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. "அண்ணா, கீபோர்டு போச்சு" என்றான். போகவில்லை! பக்கத்தில் நிற்பவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத் திரை வாயே திறக்காது! அடித்துவிட்டு என்டரைத் தட்டினால் போதும், உள்ளே போய்விடலாம்.

உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது?

விண்டோஸா? பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூ-எஸ்-எல் என்று மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ஒட்டினாற்போல் 'இன்ஸ்டால்'. ஒரே வரி! கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு லினக்ஸ் தயார்! மேக்கா? 'டெர்மினல்' ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, தேடினால் போதும். உபுண்டுவா? கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' போடுங்கள், பேருந்தில் நின்றுகொண்டே கட்டளை கொடுக்கலாம்!

இதில் ஒரு வியப்பு உண்டு. 2001-ல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய் என்றே சொன்னார். 15 ஆண்டு போனது. 2016-ல் அதே மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள் லினக்ஸுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது!

மூன்றே வாரம்!

இந்தக் கறுப்புத் திரையின் பூர்வீகம் எது? 1969, அமெரிக்காவின் பெல் ஆய்வகம். கென் தாம்ப்சனின் மனைவி, கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் தாம்ப்சன் என்ன செய்தார் தெரியுமா? வாரத்துக்கு ஒன்றாக முக்கியமான பகுதிகளை எழுதி, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் வடிவத்தையே முடித்துவிட்டார்! இன்றைக்கு உங்கள் மேக், ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அந்த மூன்று வாரத்தின் சாயல் இருக்கிறது!

கட்டளைகள் ஏன் இரண்டெழுத்தில் இருக்கின்றன? பட்டியலிட 'எல்எஸ்', நகலெடுக்க 'சிபி', நகர்த்த 'எம்வி'. அன்று திரையே கிடையாது! தந்தி இயந்திரம் போன்ற டெலிடைப்பில்தான் தட்டினார்கள். விசையைக் குத்திக் குத்தி அடிக்க வேண்டும், அதுவும் வினாடிக்கு 10 எழுத்துதான் அச்சாகும். விரல் வலிக்குப் பயந்து சுருக்கிய சொற்களை, ஐம்பது ஆண்டு கழித்து முடிச்சூரில் தட்டுகிறோம்!

ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு ஊற்றிவிடும் குழாய் ஒன்று உண்டு, | என்று ஒரு நெட்டைக் கோடு. தோட்டத்துக் குழாயை மாட்டுவது மாதிரி நிரல்களை மாட்ட வேண்டும் என்று அதே பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்தார். ஒன்பது வருடம் விடாமல் கேட்டார். 1973-ல் தாம்ப்சன் ஒரே ராத்திரியில் செய்துகொடுத்தார்!

80-ன் ரகசியம்

லினக்ஸிலோ மேக்கிலோ டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு வரியில் 80 எழுத்துதான் கொள்ளும். ஏன் 80? 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளையட்டையில் 80 நெடுவரிசை! அந்த அட்டைகளைச் சென்னைக்காரர்களும் கத்தைகத்தையாகச் சுமந்திருக்கிறார்கள். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 கணினிக்கு அட்டையில் துளை போட்டுத்தான் கணக்கு கொடுப்பார்கள். அட்டை போய்விட்டது. அகலம் போகவில்லை!

உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு ~ என்று அலைக்குறி போடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 1976-ல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் அலைக்குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் அச்சடித்திருந்தது! அவ்வளவுதான் காரணம்!

விண்டோஸில் 'கான்' (சி, ஓ, என்) என்று ஒரு கோப்புறை செய்து பாருங்கள். செய்ய விடாது! 1981-ல் வந்த டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அது விசைப்பலகைக்கும் திரைக்கும் ஒதுக்கிய பெயர். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த இடத்தை யாருக்கும் விட்டுத் தருவதில்லை!

30 பைட்... இல்லை 31!

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். என்னை உறங்கவிடாத இடம் இது!

முடிச்சூர். எத்தனை எழுத்து? மு, டி, ச், சூ, ர். ஐந்து! குழந்தைகூடச் சொல்லும். எழுத்தெண்ணும் 'டபிள்யூசி' என்ற கட்டளையிடம் கேட்டால் என்ன சொன்னது தெரியுமா? கணினியின் சேமிப்பு அலகான பைட் கணக்கில் 31!

பையன் நம்பவில்லை. "அஞ்சு எழுத்துக்கு முப்பத்தொண்ணா?" தாளை எடுத்துக் கையால் எண்ண ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'மு' ஒரே எழுத்து இல்லை. 'ம' தனி, உகரக் குறி தனி. 'டி' என்றால் ட தனி, கொக்கி தனி. 'ச்' என்றால் ச தனி, புள்ளி தனி! இப்படி ஐந்து எழுத்தும் இரண்டிரண்டாகப் பிரிந்து 10 குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 10 பெருக்கல் 3, முப்பது! அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? அவனே கண்டுபிடித்தான்! வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் என்டர்! துள்ளிக் குதித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் உயிர்மெய் படித்தபோது எனக்கு இந்தச் சந்தோஷம் வரவில்லை. உயிரும் மெய்யும் பிரிவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்!

தாம்பரம்? அதுவும் ஐந்து எழுத்துதானே? ஆனால் 24 பைட்தான்! நடுவில் வரும் 'ப', 'ர' இரண்டும் குறி எதுவும் இல்லாத அகர எழுத்துகள். முடிச்சூர் கனம், தாம்பரம் லேசு!

அடுத்ததைக் கேளுங்கள். 'ரெவ்' என்றொரு கட்டளை, சொல்லைத் தலைகீழாகத் திருப்பும். முடிச்சூரைக் கொடுத்தோம். நியாயமாக 'ர்சூச்டிமு' என்றுதானே வரவேண்டும்? வந்தது என்ன தெரியுமா? முதலில் அநாதையாக ஒரு புள்ளி, பிறகு 'ரூச்சிடும'! சகரத்தின் ஊகாரம் ரகரத்தின் மேல் ஏறிவிட்டது, டகரத்தின் கொக்கி சகரத்துக்குப் போய்விட்டது! பக்கத்து வீட்டு எழுத்துகள் எல்லாம் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி! இதற்குத் தீர்வு இருக்கிறதா? இருக்கிறது! தமிழை எழுத்தெழுத்தாகப் பிரிக்கத் தெரிந்த 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரல்மொழி நூலகம், கட்டளை வரியில் ஒரே வரியில் இறங்கும். முத்து அண்ணாமலை முதலான தமிழர்கள் செய்தது. அதை வைத்து எண்ணினால் ஐந்து என்றால் ஐந்துதான்!

அதே முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியையும் உருவாக்கியவர். அதில் திரையில் ஒன்றைக் காட்ட என்ன எழுத வேண்டும் தெரியுமா? 'பதிப்பி'! கணினிக்குத் தமிழில் ஏவல் வினை!

௨௫ என்றால் புரியுமா?

புரியும்! பைத்தானைத் திறந்து, தமிழ் எண்ணில் ௨௫ என்று மேற்கோளுக்குள் கொடுத்து எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். 25 என்று பட்டென்று சொல்லும்! கூட்டலாம், பெருக்கலாம். கல்வெட்டு எண்ணுக்கும் கணினி எண்ணுக்கும் அங்கே பேதமே இல்லை! ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் மட்டும் திணறிப் பிழை காட்டும். அது இலக்கம் இல்லையாம், தனிக் குறியாம்! பழங்காலத் தமிழ்க் கணக்கில் சுழியம் இல்லாததால் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி வைத்தார்கள், அந்த வரலாறு இங்கே வந்து எட்டிப் பார்க்கிறது!

போ, படங்கள்!

'அலையஸ்' என்று ஒரு வசதி. கட்டளைக்கு நீங்களே செல்லப் பெயர் வைக்கலாம். ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டுமா? யார் சொன்னது! 'எல்எஸ்' என்பதற்குப் 'பட்டியல்' என்று வைத்தான் பையன். எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று கேட்க 'எங்கே'. இடம் மாற 'போ'. பிறகு 'போ படங்கள்' என்று தட்டினான். போயிற்று! படங்கள் என்ற கோப்புறைக்குள் மறுபேச்சு பேசாமல் போயிற்று! அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "அண்ணா, நான் சொன்னா கேக்குது!" அந்த வரிகளை 'பாஷ்ஆர்சி' என்ற கோப்பில் எழுதி வைத்தால், எப்போது திறந்தாலும் அதே தமிழ் காத்திருக்கும்.

குறை ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. டெர்மினலில் பல சமயம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத் தமிழ் கழன்று நிற்கும். ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குகிறார்கள். 'ணௌ' போன்ற எழுத்து அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடங்கும்? இதைச் சரிசெய்ய இன்னும் வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

இயங்குதளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு 'டேட்' என்று கேட்டுப் பாருங்கள். கிழமையைத் தமிழில் சொல்லும்! இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு தனித்தனி அமைப்புகள்கூட உண்டு!

தமிழில் தட்ட எதைப் பயன்படுத்துவது? 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கவே இருக்கிறது. 'ச'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும்! அதனால் 10 குறிகள் கொண்ட முடிச்சூருக்கு 9 தட்டு போதும். தமிழ் இலக்கணம் தெரிந்த விசைப்பலகை!

இவையும் தெரியுமா?

'ஃபேக்டர்' என்ற கட்டளையிடம் மேற்குத் தாம்பரத்தின் அஞ்சல் எண் 600045-ஐக் கொடுங்கள். கண் இமைக்கும் முன் 3, 5, 109, 367 என்று பகா எண்களாக உடைத்துவிடும்! உங்கள் அஞ்சல் எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

நாட்காட்டிக் கட்டளை 'கால்'. (சில கணினிகளில் தனியாக நிறுவ வேண்டும்.) அதில் 1752 செப்டம்பரைக் கேளுங்கள். 2-ம் தேதிக்கு அடுத்து 14! நடுவில் 11 நாள் காணோம்! பிரிட்டன் அந்த மாதம்தான் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியது. அந்தக் கதை இந்தச் சின்னக் கட்டளைக்கும் தெரியும்!

யூனிக்ஸ் குடும்பக் கணினிகளுக்குக் காலம் பிறந்தது 1970 ஜனவரி 1. அன்றிலிருந்து வினாடி வினாடியாக எண்ணுகின்றன. பழைய 32 பிட் கணக்கில் அந்த எண்ணிக்கை முழுதும் நிரம்பும் நேரம் எது தெரியுமா? 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி! தாம்பரம் ஸ்டேஷனில் ஆபீஸ் கூட்டம் அலைமோதும் நேரம்!

'விம்' என்ற உரைதிருத்தியில் நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்? நிரலாளர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இருந்த அந்த ஒரே கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் முறை பார்த்திருந்தார்கள்! (எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். இனி மறக்காதீர்கள்!)

நம் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் 'பாஷ்' ஷெல்லில் 1989-ல் புகுந்த ஓர் ஓட்டை எப்போது பிடிபட்டது? 2014-ல்! 25 ஆண்டு கோடிக்கணக்கான கணினிகளில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது!

உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளில் எத்தனை லினக்ஸில் ஓடுகின்றன? 2017 நவம்பரிலிருந்து 500-ம்! செவ்வாய்க் கிரகத்தில் 2021 முதல் 72 முறை பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர்? அதுவும் லினக்ஸ்! அதே குடும்பம்தான் பரணில் போர்வைக்குள் கிடந்தது!

டெபியனில் மென்பொருள் நிறுவும் கட்டளை 'ஏபிடி'. அதன் பக்கத்தில் 'மூ' என்று தட்டினால் என்ன வரும்? எழுத்துக் குறிகளால் வரைந்த ஒரு மாடு! வேறு வேலை எதுவும் செய்யாது, சும்மா நின்று பார்க்கும்! மாட்டுப் பொங்கலன்று மறக்காமல் தட்டுங்கள்.

இதையெல்லாம் தமிழிலேயே படிக்க முடியுமா? முடியும்! 2012 முதல் 'கணியம்' என்ற இணைய இதழ் லினக்ஸைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டே இருக்கிறது, காசு வாங்காமல், யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமையோடு!

தாம்பரத்தில் நிற்குமா?

ராத்திரி எட்டரை மணி இருக்கும். பையன் வேகவேகமாகத் தட்டப் பழகிவிட்டிருந்தான். அவசரத்தில் 'எல்எஸ்' என்பதற்குப் பதிலாக 'எஸ்எல்' என்று தட்டுகிறவர்களுக்கென்றே ஒரு நிரல் இருக்கிறது, தெரியுமா? 1993-ல் ஜப்பானியர் தொயோதா மசாஷி எழுதியது. அதையும் நிறுவி வைத்திருந்தேன், அவனிடம் சொல்லவில்லை. எதிர்பார்த்த மாதிரியே தட்டினான். திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு நீராவி எஞ்சின், கோடும் புள்ளியுமாக, புகை விட்டுக்கொண்டு கிளம்பியது!

கத்திவிட்டான்! ஓடும் எதையும் நிறுத்துகிற கண்ட்ரோல்-சியைத் தட்டினான். நிற்கவில்லை. மறுபடி தட்டினான். நிற்காது! நிற்காதபடிதான் எழுதியிருக்கிறார்கள்!

அடுப்படியிலிருந்து பையனின் ஆயா கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். மீட்டர் கேஜ் காலத்திலிருந்து, 1931-ல் மின்சாரம் வந்த அந்தக் கடற்கரை லைனில் போய்வந்தவர்கள். கரி எஞ்சின் திரையைக் கடந்து போகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்:

"தாம்பரத்துலயாவது நிக்குமாடா?"